தோசையா, ரொட்டி சானாயா?

பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பின் கடைசி அரை மணி நேரம் கட்டப் புதிருக்கு. விவரங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் கட்டங்கள் வரைந்து, பொருந்தாத கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே விடை தேடும் புதிர் அது. சென்ற மாதம் கொடுத்தது இது:

தாத்தா, மாமா, அத்தை மூவரும் பசியாறப் போனார்கள். குயின் தெரு, சூலியா தெரு, மார்க்கெட் தெரு என்று ஆளுக்கொரு தெரு. தோசை, ரொட்டி சானாய், நாசி கண்டார் என்று ஆளுக்கொரு உணவு. தாத்தா போனது குயின் தெரு. நாசி கண்டார் சாப்பிட்டவர் சூலியா தெருவுக்குப் போனவர். அத்தை சூலியா தெருப் பக்கமே போகவில்லை. யாருக்கு எது?

இரண்டே நிமிடத்தில் கைகள் உயர்ந்தன. அத்தைக்குத் தோசை என்றான் ஒருவன். ரொட்டி சானாய் என்றாள் பக்கத்தில் இருந்தவள். குறிப்புகளோடு ஒத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பொருந்தின. சண்டை மூண்டது. வேண்டுமென்றேதான் ஒரு குறிப்பை ஒளித்து வைத்திருந்தேன்.

எதையோ போட்டுப் பார்த்து, பொருந்தியதும் பேனாவை மூடிவிடுகிறவர்கள் இன்னொன்றும் பொருந்துமா என்று கேட்பதே இல்லை. பெற்றோரும் "விடை சரியா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "வேறு ஏன் இருக்க முடியாது?" என்றும் கேட்டுப் பாருங்கள். "அத்தை தோசை சாப்பிடவில்லை" என்று நான் சொன்ன பிறகுதான் விடை ஒன்றானது.

தாத்தா நாசி கண்டார் சாப்பிடவில்லை என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. ஆனால் அவர் போனது குயின் தெரு. நாசி கண்டாரோ சூலியா தெருவுக்கு உரியது. ஆகவே அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிடலாம். அத்தைக்கும் அப்படியே, மிஞ்சியவர் மாமா. மாணவர்கள் தடுக்கி நிற்பது பெரும்பாலும் இங்கேதான். சொன்னதைக் குறித்துவிடுகிறார்கள், ஆளையும் தெருவையும் இணைக்கும் பகுதியில் விழுந்த குறியை, ஆளையும் உணவையும் இணைக்கும் பகுதிக்குக் கொண்டுபோக மறந்துவிடுகிறார்கள்.

ஊகமே கூடாது என்பதில்லை. "இப்படி வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கியது முரண்பாட்டில் முடிந்தால், அந்த வழி அடைபட்டது என்று நிரூபணமாகிவிடும். முரண்படாமல் ஓடினால் எதுவும் நிரூபணமாகவில்லை. என் புதிரில் மொத்தம் 36 வாய்ப்புகள்தாம், முட்டிமோதியே முடித்துவிடலாம். 1962இல் 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் வந்த வரிக்குதிரைப் புதிரில் ஐந்து வீடுகள், வீட்டுக்கு ஐந்து விவரங்கள். வாய்ப்புகள் ஏறக்குறைய 2,488 கோடி!

ஊகமும் உறுதியும் ஒரே மையில் இருந்தால், முரண்பாடு வரும்போது எதை அழிப்பது என்று தெரியாது. அதனால் என் வகுப்பில் ஊகத்துக்குப் பென்சில். சென்ற வாரம் ஒரு மாணவி தாள் முழுவதையும் பென்சிலாலேயே நிரப்பிக் கொண்டுவந்தாள். அடுத்த புதிருக்கு அவள் பென்சிலை வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன்.