இன்ஜினைப் பிரிக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் மைலேஜ் குறைந்தால் முதல் சந்தேகம் இன்ஜின் மேல்தான் விழுகிறது. ரிங் தேய்ந்துவிட்டது, ஹெட்டைக் கழற்றணும் என்று யாராவது சொல்லி, பெரிய எஸ்டிமேட் ஒன்றும் கையில் இருக்கும். சேலத்தில் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆயில் குறையவில்லை, நீலப்புகை இல்லை, ஏற்காடு மலையைத் திணறாமல் ஏறுகிறது என்றால் இன்ஜினில் கை வைக்க அவசரமே இல்லை. பெட்ரோல் வேறு எங்கோ போகிறது.

முதலில், மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், கோரிமேடு போய்வருவதற்குள் முள் இறங்கிவிட்டது என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரை சைபராக்குங்கள். முந்நூறு கிலோமீட்டராவது வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஏறிய லிட்டரால் வகுங்கள். ஐந்து ரோடு சிக்னலில் தினமும் நிற்கிற வண்டியை, ஓமலூர் பக்கம் பைபாஸில் சீராக ஓடுகிற பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடு ஒப்பிடவே வேண்டாம்.

குறைந்திருந்தாலும் அதில் ஒரு பகுதி வண்டியின் குற்றமல்ல. எத்தனாலுக்கு, அதே அளவு பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், அதற்கென வடிவமைக்காத பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் பட்டறைக்கு வராதீர்கள். டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்தாலும் அந்த ஒரு கிலோமீட்டர் திரும்பாது. எத்தனாலால் பழைய பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 ஆகக் குறைந்துவிட்டதா? அப்போது பிரேக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, கியரும் ஹேண்ட் பிரேக்கும் விடுபட்ட நிலையில் கையால் ஒரு சுற்று விடுங்கள். முன்பக்க டிஸ்க் லேசாக உரசத்தான் செய்யும், அது இயல்பு. தள்ளினால் மட்டும் நகர்ந்து, கையை எடுத்ததும் டக்கென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின்களில் கிரீஸ் காய்ந்திருக்கும், இல்லை டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டர் ஜாம் ஆகியிருக்கும். ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே நிற்கும் வண்டிகளில் கேபிள் உள்ளே துருப்பிடித்துவிடும். லீவரை இறக்கினாலும், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாது.

அப்படி வந்த ஒரு சின்னக் காரில் பின் இடது ரிம் மட்டும் கை வைக்க முடியாத சூடு, மற்ற மூன்றும் வெதுவெதுப்பு. டிரம்மைக் கழற்றினால் லைனிங் கருகி, கருகல் வாடை அடித்தது. கேபிளும் ஷூவும் மாற்றியதோடு வேலை முடிந்தது. வண்டிக்காரர் சட்டைப்பையில் வேறொரு இடத்தில் ஹெட் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது.

அடுத்தது எங்கள் தொழில்காரர்களே செய்துவைத்த கேடு. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வை, சேலம் வெயிலுக்கு இது எதற்கு என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ரேடியேட்டர் ஃபேனையும் சாவி போட்டதுமே ஓடும்படி டைரக்ட் கொடுத்துவிடுவார்கள். வண்டி சூடாகாது, உண்மைதான். ஆனால் ஓடவேண்டிய சூட்டுக்கு இன்ஜின் வந்து சேருவதே இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில், இன்னும் குளிராகவே இருக்கிறது என்று சென்சார் சொல்ல, பெட்ரோலை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் பெட்ரோலைக் கூட்டியே கொடுத்துக்கொண்டிருக்கும். ஓடும்போது டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தாலோ, பைபாஸில் வேகமெடுத்ததும் கீழே இறங்கினாலோ, வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்ப் பொருள். சூடேறுகிற வண்டிக்கு ரேடியேட்டரைச் சரிசெய்வதுதான் வைத்தியம், வால்வைப் பிடுங்குவது அல்ல.

டயர் காற்றை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி ஓடிச் சூடாகும் முன் பிடியுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இழுவைதான் குறையும், மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனி மலை. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு ஒரு டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே, இன்ஜின் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்தால், ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் வேண்டும். டிக்கியில் நூறு கிலோ கூடினால் அதில் பத்தில் ஒரு பங்கும் கூடும். வேண்டாததை வீட்டில் இறக்கிவிட்டு ஏறுங்கள்.

இறங்கும்போது மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். இன்ஜெக்‌ஷன் வண்டியை கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஐடிலுக்குச் சற்று மேல் ஆர்பிஎம் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடில் ஓடப் பெட்ரோல் செலவாகும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே வாடை வரும். அதிலும் சாவியை ஆஃப் செய்து இறங்குகிறவர்கள் உண்டு. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

எஸ்டேட்டுகளில் இன்னும் ஓடும் கார்புரேட்டர் வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. மேலே காற்று அடர்த்தி குறைவு. கீழே ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக் கரும்புகை விடும். ஏற்காட்டிலேயே நிற்கும் வண்டி என்றால் ட்யூனிங்கையும் அங்கேயே வைத்துச் செய்யுங்கள். அதே வண்டி சேலத்தில் தங்கி ஓடப்போகிறது என்றால் கீழே வந்ததும் மறுபடி பார்க்கவேண்டும்.