மலையில் ட்ரோன் பறக்கவிடுவோர் வாங்குவதற்கு முன்பே அறிய வேண்டியவை

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விமான நிலையம் கிடையாது. ஆகவே விமானச் சட்டம் நம்மை என்ன செய்துவிடும் என்ற நினைப்பில்தான் இங்குள்ள ஸ்டுடியோக்காரர்கள் பலர் ட்ரோன் வாங்குகிறார்கள். முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலிலேயே அது பறிமுதலாகிக் காவல் நிலைய அலமாரிக்குள் போன பிறகுதான், தமக்குப் பொருந்தும் விதி எது என்று தேடத் தொடங்குகிறார்கள். கடன் வாங்கி வாங்கிய பொருளுக்குத் தவணையும் கட்டிக்கொண்டு, அதை மீட்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமானது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள், அதே ஆண்டு மார்ச்சில் வந்த கடுமையான விதிகளை நீக்கிப் படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்தன. 2022இலும் 2023இலும் திருத்தங்கள் வந்தன. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த விதிகளே தொடர்கின்றன.

முதல் பொறி எடையில் இருக்கிறது. 250 கிராமுக்கு மேற்படாத ட்ரோன் ‘நானோ’ வகை. அதற்குப் பைலட் சான்றிதழும் காப்பீடும் வகைச் சான்றும் (அந்த மாடல் தரத்துக்கு உட்பட்டது என்று தரப்படும் சான்று) வேண்டியதில்லை. 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டு விற்பதன் காரணம் இதுதான். ஆனால் சட்டம் பார்ப்பது பெட்டியில் உள்ள எண்ணை அல்ல, பறக்கும்போது இருக்கும் மொத்த எடையை. கூடுதல் நேரம் பறப்பதற்காகப் பெரிய பேட்டரியைப் பொருத்தினாலோ, இறக்கைக் காப்பு வளையத்தை மாட்டினாலோ அது 250ஐத் தாண்டி ‘மைக்ரோ’ வகைக்குள் போய்விடும். மைக்ரோ வகை 2 கிலோ வரை. அதைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டாம். கல்யாணத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு பறக்கவிடுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். ‘சொந்தக்காரர் வீட்டு விசேஷம்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள், ஆல்பம் விலைப்பட்டியலில் ‘ட்ரோன் ஷாட்’ என்று தனியாகத் தொகை போட்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பொறிதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. மைக்ரோ ட்ரோனுக்குத் தனி அடையாள எண் பெற வேண்டும். அதற்கான கட்டணம் வெறும் 100 ரூபாய்தான். ஆனால் அந்த எண் கிடைக்க வேண்டுமானால் ட்ரோனின் மாடல் வகைச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்குத் தவிர, தடை செய்யப்பட்டிருக்கிறது. அதன் பிறகும் கடைகளில் கைமாறும் வெளிநாட்டு ட்ரோன்களுக்கு முறையான பில் இருக்காது, எண்ணும் கிடைக்காது. ‘பில் அடுத்த வாரம் வரும்’ என்று கடைக்காரர் சொன்னால், அது வராது என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பல்லாயிரம் ரூபாய் கட்டிப் பயிற்சி முடித்து, பைலட் சான்றிதழையும் வாங்கிய பிறகு, தன் ட்ரோனைப் பதிவு செய்யவே வழியில்லை என்று ஒருவர் அறிவது மிகக் கொடுமை. எனவே மாடலுக்கு வகைச் சான்று உண்டா என்பதை முதலில் பாருங்கள்; பயிற்சி அதற்கு அடுத்ததுதான்.

பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 18 முதல் 65 வரையிலான வயதும் போதும். பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது என்று இன்னும் சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஆளில்லா வான்கலன்கள் கழகமும் பயிற்சி தருகிறது. பட்டியலில் பெயர் இல்லாத ‘அகாடமி’ தருகிற பளபளப்பான சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

மூன்றாவது பொறி மலைக்கே உரியது. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளில் இதைக் காண முடியாது. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்களாகப் பிரித்து, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம் என்கிறது விதி. அந்த 400 அடி, ட்ரோனுக்கு நேர்க் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கு. கையில் உள்ள ரிமோட் காட்டுவதோ கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் ஓரத்தில் நின்று ட்ரோனைப் பள்ளத்தாக்கின் மேல் நேராக நகர்த்தினால், ரிமோட் முப்பது அடி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே தரை பல நூறு அடி இறங்கியிருக்கும். அப்போது நீங்கள் அனுமதி வேண்டிய மஞ்சள் மண்டலத்தில் இருக்கிறீர்கள். சரிவையொட்டியே பறக்கவிடுவதுதான் வழி.

மண்டல வரைபடம் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. பறக்கவிடுவதற்கு முன் அதைப் பார்ப்பது கட்டாயம். கூடலூர்ப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாமல், வீட்டிலேயே பார்த்து, தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதியையோ அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையையோ ஒட்டிய ஆர்டர் வந்தால், ட்ரோன் இல்லாமல் ஒப்புக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வரைபடம் பச்சை காட்டினாலும் வனச்சட்டம் தனி. முதுமலை, முக்குறுத்தி, கொடைக்கானல் சரணாலயப் பகுதிகளில் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். இங்கே எஸ்டேட் நிலமும் வருவாய் நிலமும் காடும் பின்னிக் கிடக்கின்றன. எஸ்டேட் மேலாளர் தலையாட்டியது பக்கத்துச் சோலைக் காட்டுக்குச் செல்லாது.

இனி அலைச்சலுக்கு வருவோம். ‘கலெக்டர் ஆபீசில் லெட்டர் வாங்கி வா’ என்பார்கள்; அங்கே போனால் போலீஸைக் கேள் என்பார்கள்; போலீஸ் வனத்துறையைக் காட்டும்; வனத்துறை டில்லியைக் காட்டும். பச்சை மண்டலத்தில் விதிப்படி முன் அனுமதிக் கடிதமே தேவையில்லை என்பது இந்த நால்வரில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கலாம். தலைவர்கள் வருகையின்போது எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். அதுவும் ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. மாவட்ட நிர்வாகம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவின் கீழ் தடை போடுவதும் உண்டு. எதுவானாலும், ‘எந்த உத்தரவு, எந்தத் தேதி’ என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தடையை எதிர்த்து எங்கும் முறையிட முடியாது.

விதிமீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். அதை விதிப்பது டிஜிசிஏ தலைமை இயக்குநரோ அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோதான். அந்த இடத்திலேயே ரசீது இல்லாமல் பணம் கேட்டால், அதற்குப் பெயர் அபராதம் அல்ல. பறிமுதல் செய்தால் மகஜர் (பறிமுதல் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாடல், வரிசை எண், பேட்டரிகளின் எண்ணிக்கை, மெமரி கார்டு எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கார்டில் இருப்பது மணமக்களின் சொத்து. பின்னர் அது காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பொருளைத் திரும்பப் பெற அதே சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது பில்லும் அடையாள எண்ணும். மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்: முழு சார்ஜோடு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரி உப்பிப்போய், உத்தரவு கையில் வரும்போது ட்ரோன் பறக்கும் நிலையில் இருக்காது.