அந்தியோதயா அட்டை: 35 கிலோ அரிசி யாருக்கு உரியது?

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி வழங்கப்படுவதால், கிராமங்களில் இனிப் பட்டினி இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். ஊரார் பேச்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் "கஞ்சிக்குக் குறையில்லை" என்று சொல்லும் வீட்டிலேயே, மாதக் கடைசியில் இரண்டு வேளைச் சமையல் ஒரு வேளையாகச் சுருங்குவதும், பிள்ளைகளுக்குப் போட்டபின் பானையில் ஒட்டியிருப்பதை நீராகாரமாகக் கரைத்துக் குடித்துவிட்டுப் பெண்கள் படுப்பதும் நடக்கின்றன. கேட்டால் அதைப் பட்டினி என்று யாரும் சொல்வதில்லை. சொல்வது மானக்கேடு என்ற எண்ணமே காரணம்.

இத்தகைய மிக வறிய குடும்பங்களுக்காகவே 2000 டிசம்பர் 25 அன்று அந்தியோதயா அன்ன யோஜனா என்ற மத்திய அரசின் உணவு தானியத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது; தமிழ்நாட்டில் அச்சட்டம் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முன்னுரிமைக் குடும்பம் எனப்படும், அச்சட்டத்தின் கீழ் வரும் மற்றக் குடும்பத்துக்குச் சட்டப்படி மாதம் ஆளுக்கு 5 கிலோ என்றால், அந்தியோதயா குடும்பத்துக்கு ஆள் எத்தனை பேராயினும் மாதம் 35 கிலோ. தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிலமற்ற விவசாயக் கூலிகள், குயவர், நெசவாளர் போன்ற கிராமக் கைவினைஞர்கள், நிலையான வருமானமில்லாத விதவைகள், மாற்றுத்திறனாளிகள், தீராத நோயுற்றோர், 60 வயதைக் கடந்தோர் ஆகியோரைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள், தொன்மைப் பழங்குடியினர் முதலியோர் இதற்குத் தகுதியுடையவர்கள்.

எனினும் தகுதி இருந்தும் அட்டை கிடைக்காதவர்கள் உண்டு. மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட அந்தியோதயா குடும்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், இறந்தோரும் வசதி பெற்றோரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால்தான் புதியவருக்கு இடம் கிடைக்கும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்த ஊராரின் சாட்சியம் இங்கேதான் மிகவும் தேவைப்படுகிறது. நியாயவிலைக் கடைகளின் செயல்பாட்டைச் சமூகத் தணிக்கை செய்ய, அதாவது மக்களும் சேர்ந்து சரிபார்க்க, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழிசெய்கிறது. கிராம சபையிலும் விடுபட்ட குடும்பத்தைப் பற்றிப் பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். கூச்சத்தால் வாய் திறக்காதவருக்காக அண்டை வீட்டார் பேசுவது தவறல்ல, தேவையானதே.

அந்தியோதயா அட்டை கேட்கும் மனுவை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்கு நடந்துவர முடியாத முதியோர், தம் சார்பில் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கவும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். பொருள் மறுக்கப்பட்டால் 1967 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.