வரைபடத்தில் உங்கள் கோயில் என்ன நிறம்?

பேராக்கின் தெற்கே, பழைய நெடுஞ்சாலையோரம் ஒரு டவுன். இரண்டு கடைத்தெரு, ஒரு மார்க்கெட், சுற்றிலும் தோட்டங்கள். பெயரைச் சொல்லவில்லை, தொழில் தர்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டவுனுக்குப் புத்துயிர் கொடுப்பது பற்றிப் பேச ஒரு சனிக்கிழமை காலை ஊர் மக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வரைவைத் தயாரித்த நகர்த் திட்டமிடல் குழுவில் நானும் ஒருத்தி. கையில் குச்சியோடு வரைபடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டம் சூடாகத்தான் இருந்தது. மார்க்கெட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றக் கூடாது என்று காய்கறிக் கடைக்காரர்கள். "மழை பேஞ்சா உள்ளுக்கே கொடை புடிக்க வேண்டியிருக்கு, மாத்துங்க" என்று மீன் கடை அக்கா. டவுன் வாசலில் வளைவு வைப்பதா வேண்டாமா, சுவரில் பால்மரம் வெட்டும் பெண்ணை வரைவதா ரயிலை வரைவதா என்பதிலேயே முக்கால் மணி நேரம் போனது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். நல்ல காப்பிக் கடை வந்தால் டவுன் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி. "நீங்க வாரக் கடைசியில வந்து படம் புடிச்சிட்டுப் போயிருவீங்க தம்பி, நாங்கதானே இங்க கெடக்கிறோம்" என்று ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் சொன்னதும் கைதட்டல். நல்ல சண்டை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒருவர்கூட வரைபடத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைத்தெருவுக்குத் தெற்கே, இப்போது செம்பனை நிற்கும் இடத்தில், வீடமைப்பு என்றும் தொழிற்பேட்டை என்றும் இரண்டு நிறம் தீட்டியிருந்தோம். அந்தத் தோட்டத்துக்குள் பாட்டாளிகளின் வரிசை வீடுகளான லயம் இருக்கிறது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, ஆற்றோரம் சுடுகாடு இருக்கிறது. வரைபடத்தில் நான்கும் இல்லை.

யாரும் ஒளித்துவைக்கவில்லை. வேலை நடக்கும் விதமே அப்படி. எங்கள் அடிப்படை வரைபடம் லாட்டுகளிலிருந்து, அதாவது அளந்து எண் போட்ட நிலத் துண்டுகளிலிருந்து, வருகிறது. தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு மூன்றே வகை: விவசாயம், கட்டடம், தொழில்துறை. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டம் பல இடங்களில் ஒரே லாட், ஒரே கிராண்ட் (நிலப் பட்டா), ஒரே வகை. அதற்குள் எண்பது வருடமாகக் கோயில் இருந்தாலும் அதற்கென்று தனி கிராண்ட் கிடையாது. பள்ளியும் பெரும்பாலும் அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிகள் பல இன்னும் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்றே இருப்பதற்கு நிலம் தோட்டத்தின் பெயரில் இருப்பதும் ஒரு காரணம். ஆக, லாட் கணக்கில் பார்ப்பவருக்கு அது முழுக்க விவசாயப் பச்சை. பச்சையை வேறு நிறமாக மாற்றுவது சுலபம்.

வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், ஒரு தகரக் கூரையாக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிலாங்கூரில் ஒரு தோட்டத்து முனீஸ்வரர் கோயிலை 'உரக் கிடங்கு' என்று குறித்தவள் நானேதான். லயத்தில் பிறந்தவள், அப்பா பால்மரம் வெட்டியவர். ஊர்க்காரர் ஒருவர் வந்து விரல் வைத்துக் காட்டியபோது அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

சரி, மார்க்கெட்டைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இந்தப் பச்சை எதற்கு?

இந்த டவுன்கள் எதை வைத்துப் பிழைத்தன என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் போட்ட ஞாயிறு. லாரியிலும் சைக்கிளிலும் தோட்டத்துச் சனம் வந்து இறங்கும். மளிகை, துணிக்கடை, நகைக்கடை, படக்கொட்டகை, எல்லாம் அன்றைக்கு நிரம்பும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதே பரப்புக்கு முன்பிருந்த அளவு ஆள் தேவைப்படவில்லை. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் பீடோர், சுங்கை வழியாகப் போன வண்டிகள் மேலே ஏறிக்கொண்டன. 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை எடுக்க 1997-இல் சட்டம் வந்தது. 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு அடியோடு போனது. பழைய வாடகைக்காரர்கள் பலர் அத்தோடு கடையை மூடினார்கள். இன்று சில கடைகளின் மேல்மாடியில் ஆளே இல்லை. விலைபோகும் கூட்டுக்காக உழவாரக் குருவியை அழைக்கும் ஒலிபெருக்கி மட்டும் நாள் முழுக்கக் கீச்சிடுகிறது. சுவரில் என்ன வரைந்தாலும் அந்த ஞாயிறு திரும்ப வரப்போவதில்லை. லயத்தில் மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு டவுன் பக்கத்திலேயே வீடு கிடைக்கிறதா, இல்லை பதினைந்து மைல் தள்ளி ஒரு அடுக்குமாடிக்கு அனுப்புகிறார்களா என்பதுதான் மீன் கடை அக்காவின் வியாபாரத்தை முடிவுசெய்யும். அது மார்க்கெட் வரைபடத்தில் இல்லை, தோட்டத்து நிறத்தில் இருக்கிறது.

தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால் நாம் கொதித்துப்போகிறோம். அது பழைய காயம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், 1960-இல், தோட்டம் வாங்குவதற்காக ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பாட்டாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். ஆனால் நிறம் மாறும் நாளில் பதாகையும் இருக்காது, புல்டோசரும் இருக்காது. பல இடங்களில் விற்பனைக்குச் சில வருடம் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது.

அது நடப்பது, எந்த நிலம் எதற்கு என்று நிறம் போட்டுச் சொல்லும் உள்ளூர்த் திட்டத்தில். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்'. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது அக்தா 172, வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. ஆட்சேபம் கொடுக்கக் குறைந்தது 4 வாரம். கொடுத்தவர்களின் ஆட்சேபத்தை ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். இதில் நம்மவர்கள் தவறவிடுவது ஒன்றுதான்: மண்டபத்தில் மைக்கைப் பிடித்துப் பேசுவது ஆட்சேபம் ஆகாது. அது குறிப்பேட்டில் 'கருத்து' என்று ஒரு வரியாகப் போய்விடும். 'பந்தாஹான்' என்று எழுத்தில் கொடுத்தால்தான் விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.

நகராண்மைக் கழகத்து உறுப்பினரிடம் சொல்லிவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள் சிலர். பார்த்துக்கொள்ளும் நல்லவர்களும் உண்டு. ஆனால் நம் நாட்டில் ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்திவைத்தார்கள், 1976-இல் சட்டம் போட்டு எடுத்தே விட்டார்கள். உறுப்பினர்கள் நியமனத்தில் வருகிறவர்கள், உங்கள் ஓட்டில் அல்ல. அதனால்தான் அந்த ஒரு பக்கத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொன்றையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பக்கத்து நிலத்தில் ஏதாவது கட்டப்போனால் கடிதம் வருமாம், 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாமாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் சட்டத்தில் அது உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்கு. அதுவும் நிலத்தின் உரிமையாளருக்கு. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தாலும், கடை முன் நடைபாதையான அஞ்சடியில் முப்பது வருடம் பூ விற்றாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்த உரிமையாளர் இல்லை. தபால்காரர் வர மாட்டார்.

ஆகவே வரைவு பார்வைக்கு வந்த வாரமே போய், உங்கள் இடத்தை விரல் வைத்துத் தேடுங்கள். லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். இன்ன லாட்டின் இன்ன மூலையில் இன்ன ஆண்டிலிருந்து கோயில் இருக்கிறது, பதிவு இது, கரண்ட் பில் இது, படம் இது, இதை வழிபாட்டு இடமாகக் காட்டுங்கள் என்று எழுதினால் போதும். மலாயில் எழுதத் தடுமாறினால் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். இருநூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை விட ஆளுக்கொன்றாக இருபது கடிதம் மேல். நான் பார்த்த இடங்களில் மனுவை ஒரே ஆட்சேபமாகத்தான் எண்ணினார்கள்.

என்ன வேண்டாம் என்பதோடு என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கோலாலம்பூரில் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்புக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சட்டம் வேறு, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். பூங்கா தப்பியது, வழக்கு நடத்திய குடியிருப்பாளர்களுக்கு நியாயமான வெற்றி. அதே திட்டத்துக்குள்தான் பழைய புக்கிட் கியாரா தோட்டத்துக் குடும்பங்களுக்கான நிரந்தர வீடும் இருந்தது. எண்பதுகளிலிருந்து தற்காலிக நீண்ட வீடுகளில் காத்திருந்தவர்கள் அவர்கள். மேம்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுகும் லயத்தில் இருப்பவரிடம் போய்ப் பழமையைக் காப்போம் என்று பேச எனக்கு வாய் வராது.

அந்த டவுனுக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது கிராணி ஐயாவை மட்டும் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, நான் இருபத்தெட்டு வருசம் பேர் கூப்பிட்ட பிரட்டுத் திடல் எங்கம்மா?" என்றார். இரண்டு வாரத்தில், பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் தாள் ஒன்றோடு அவரே வந்தார். லயம் லயமாக, கிணறு உட்பட, அளவோடு கையால் வரைந்திருந்தார். பள்ளி மேலாளர் வாரியத்திலிருந்து ஒரு கடிதம், கோயில் நிர்வாகத்திலிருந்து ஒன்று, லயத்திலிருந்து பதினோரு கடிதம்.

விசாரணையில் கிராணி ஐயா பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. தாளை விரித்து வைத்தார், அவ்வளவுதான். இறுதித் திட்டத்தில் பள்ளிக்குத் தனி நிறம் வந்தது. கோயிலுக்கும் வந்தது. வீடமைப்புப் பகுதியில் தோட்டத்துக் குடும்பங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற வரியும் ஏறியது. மேம்பாட்டாளர் வரும்போது அதை எவ்வளவு தூரம் காப்பாற்றுவார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆற்றோரச் சுடுகாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. கிராணி ஐயாவின் தாளிலும் அது இல்லை. அது தொழிற்பேட்டையின் நிறத்திலேயே இருக்கிறது.