கட்டிப்போட்ட குதிரையின் வயிறு

காலில் அடிபட்ட குதிரைக்குக் கட்டுப் போட்டு, "லாயத்தை விட்டு வெளியே விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த சில நாட்களில் வரும் போன் பெரும்பாலும் காலைப் பற்றி இருக்காது. "டாக்டரே, தரையைப் பறிக்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது" என்பார்கள்.

வெளியில் விட்டால் குதிரை நாளில் 16 மணி நேரம்கூட நடந்துகொண்டே மேயும். நடை நின்றால் குடலின் அசைவும் மந்தமாகிவிடும். பச்சைப்புல் போய் வைக்கோல் வந்து, தண்ணீரும் குறைந்தால், பெருங்குடல் வளைந்து குறுகும் இடத்தில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

எலும்பு சீக்கிரம் கூடட்டும் என்று கொள்ளும் மக்காச்சோளமும் கூடுதலாகப் போடுவது நம்ம ஊரில் சகஜம். அக்கறைதான், ஆனால் வேலை செய்யாத குதிரைக்கு அது வேண்டாத தீனி. மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயு கட்டும்; குளம்பு அழற்சிவரை கொண்டுபோகும். ஓய்வு தொடங்கும் அன்றே பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனத்தை மட்டும் குறைக்காதீர்கள். 300 கிலோ குதிரைக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், தினமும் குறைந்தது 4.5 கிலோ வேண்டும். அதை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடலாம். வெறும் வைக்கோல் என்றால் அடைப்பு வரும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கன்னிப்பூ (முதல் போக நெல்) வைக்கோலைத் தொடவே வேண்டாம். முற்றாத கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு விஷம் உண்டு. கடற்கரை ஊர்க்காரர்கள் தீவனத்தைத் தொட்டியில்தான் வைக்க வேண்டும்; தரையில் போட்டால் மணலும் சேர்ந்து குடலில் தங்கும்.

தினமும் தண்ணீர் 15 முதல் 20 லிட்டராவது உள்ளே போகிறதா என்று வாளியில் அளந்து பாருங்கள்.

கால் கட்டைப் பார்க்கும்முன் லத்தியை, அதாவது சாணத்தை, பாருங்கள் என்பேன். நல்ல குதிரை நாளில் 8 முதல் 12 முறை போடும். எண்ணிக்கை குறைந்தாலோ, உருண்டை சிறுத்து இறுகினாலோ, மேலே சளி படர்ந்தாலோ அன்றே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரை கொடுத்திருந்தால் வயிற்றுவலி வெளியே தெரியாமலும் போகும். அதே மாத்திரை நாள்பட்டால் இரைப்பையையும் புண்ணாக்கும். அதனால் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

அப்புறம், மூங்கில் குழாயில் எண்ணெயோ பெருங்காயத் தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் விட்டு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுவலிக்குக் குதிரையை நடத்தச் சொல்வார்கள். கால் உடைந்த குதிரைக்கு அதுவும் பொருந்தாது. தீவனத்தை எடுத்துவிட்டு, நாங்கள் வரும்வரை அது உருண்டு காலைக் கெடுத்துக்கொள்ளாமல் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.