இமேஜ்: பிம்பமா, நன்மதிப்பா, பெயரா?

"அதிபர் மாறியதும் உலக அரங்கில் அந்த நாட்டின் இமேஜ் உயர்ந்தது." வெளிநாட்டுச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது. உயர்ந்தது எது? புதிய அதிபர் மீது வெளிநாட்டு மக்கள் வைக்கும் நம்பிக்கையா, நாட்டின் மீது அவர்களுக்கு உள்ள மதிப்பா, அல்லது அந்த நாடு தன்னைப் பற்றிக் காட்ட விரும்பும் தோற்றமா? இமேஜ் என்ற சொல் இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. தமிழில் எழுதும்போது நாமும் "பிம்பம்" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. இமாகோ என்றால் உருவம், சாயல், நகல். போலச் செய்வதைக் குறிக்கும் இமிட்டேட் என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் உறவுக்காரர்தான். ரோமானியர்களிடம் இமாகோவுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. உயர்பதவி வகித்து மறைந்த முன்னோரின் முகத்தை மெழுகில் வார்த்து வீட்டு முன்கூடத்தில் வைத்திருப்பார்கள். அந்த மெழுகு முகங்களுக்கும் இதே பெயர். குடும்பத்தில் முக்கியமான ஒருவர் இறந்தால், ஆட்கள் அந்த முகங்களை அணிந்துகொண்டு, அந்தந்த முன்னோரின் பதவிக்குரிய உடையில் ஊர்வலத்தில் வருவார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இதை விவரித்திருக்கிறார். பதவியில் இருந்தவரின் முகத்தைக் காட்டித்தான் அந்தக் குடும்பம் தன் பெருமையை ஊருக்குச் சொன்னது. இன்று ஒரு நாட்டின் இமேஜை அதன் தலைவர் முகத்தில் தேடும் பழக்கத்தைப் பார்த்தால், சொல் ரொம்ப தூரம் போய்விடவில்லை என்றே தோன்றுகிறது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இமேஜ் என்றால் சிலை, ஓவியம், கண்ணாடியில் தெரியும் உரு. பொதுமக்கள் மனத்தில் ஒருவரைப் பற்றி இருக்கும் எண்ணம் என்ற பொருள் மிகவும் பிந்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, 1950களின் கடைசியில் விளம்பரத் துறையும் மக்கள் தொடர்புத் துறையும் கையில் எடுத்த பிறகே பரவியது. சோப்புக்கும் காருக்கும் இமேஜ் வந்தது, அப்புறம் அரசியல்வாதிக்கு, அப்புறம் நாட்டுக்கு.

அதற்கு முன் நாடுகள் விஷயத்தில் ஆட்சி செய்த சொல் பிரஸ்டீஜ். அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இந்தச் சொல்லை வைத்தே ஒரு சண்டை நடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தகவல் முகமை, வெளிநாட்டு மக்கள் அமெரிக்காவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஓசைப்படாமல் கருத்துக் கணிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு மேற்கு ஐரோப்பியரின் மனத்தில் அமெரிக்காவின் இடம் இறங்கியிருப்பதை அந்தக் கணிப்புகள் காட்டின. அரசு வெளியிடாமல் வைத்திருந்த அந்தத் தகவல்கள் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் பத்திரிகைக்குக் கசிந்தன. நம் பிரஸ்டீஜ் சரிந்துவிட்டது என்று கென்னடி மேடைதோறும் சொன்னார். சரியவில்லை என்றார் நிக்சன்.

இதில் ஒரு வேடிக்கை. பிரஸ்டீஜ் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கண்கட்டு வித்தை, மாயவித்தைக்காரனின் தந்திரம் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அது ஏமாற்று வேலையையே குறித்தது. பிரமிக்க வைக்கும் செல்வாக்கு என்று பொருள் மாறியது பிற்பாடுதான். ஆக, ஒரு நாட்டைப் பற்றிப் பிறர் நினைப்பதைச் சொல்ல ஆங்கிலம் அடுத்தடுத்து எடுத்த இரண்டு சொற்களில் ஒன்று வித்தை, இன்னொன்று முகமூடி.

சரி, எண்களுக்கு வருவோம். இமேஜ் என்ற ஒற்றைச் சொல் எங்கே பழுதாகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2000களின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு வருகிறது. அமெரிக்காவைப் பற்றி உங்கள் எண்ணம் நல்லதா, கெட்டதா என்பது ஒன்று. உலக விவகாரங்களில் அமெரிக்க அதிபர் சரியானதைச் செய்வார் என்று நம்புகிறீர்களா என்பது இன்னொன்று. ஜெர்மானியர்களின் பதிலைப் பாருங்கள். 2008இல் ஜார்ஜ் புஷ் மீது நம்பிக்கை வைத்தவர்கள் 14 சதவீதம். மறு ஆண்டு ஒபாமா மீது 93 சதவீதம். அதே ஓராண்டில் அமெரிக்காவைப் பற்றிய நல்லெண்ணம் 31 சதவீதத்திலிருந்து 64க்குப் போனது. இரண்டையும் இரண்டு அளவுமானிகளின் முள்ளாக நினைத்தால், தலைவர் முள் 79 புள்ளி தாண்டியபோது நாட்டு முள் 33 புள்ளிதான் நகர்ந்தது. 2016இல் ஒபாமாவுக்கு 86, 2017இல் டிரம்புக்கு 11. நாட்டுக்கோ 57இலிருந்து 35. பைடன் வந்த 2021இல் அதிபருக்கு 78, நாட்டுக்கு 59.

இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன. ஆனால் வேகம் வேறு, வீச்சு வேறு. தலைவரைத் தூக்கி உயரத்தில் வைக்கும் கை நாட்டை அவ்வளவு உயரத்தில் வைப்பதில்லை. தலைவரை முழுக்கக் கைவிடும்போதும் நாட்டைப் பற்றிய எண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. பல்கலைக்கழகங்கள், சினிமா, தொழில்நுட்பம், அங்கே குடியேறிய உறவினர்கள் என்று ஒரு நாட்டை விரும்பத் தலைவரைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன அல்லவா?

துருக்கியில் இந்த இடைவெளி இன்னும் பட்டவர்த்தனம். 2008இல் புஷ் மீது நம்பிக்கை வெறும் 2 சதவீதம், 2009இல் ஒபாமா மீது 33. நாட்டைப் பற்றிய நல்லெண்ணம் 12இலிருந்து 14, அவ்வளவுதான். பாகிஸ்தானில் அதுவும் கிடையாது. ஒபாமா வந்த ஆண்டிலும் அமெரிக்காவுக்கு 16 சதவீதமே. ஆள் மாறினாலும் ஆப்கானிஸ்தான் போரும் எல்லைப்புற ட்ரோன் தாக்குதல்களும் மாறவில்லை. ட்ரோன் தாக்குதல்கள் ஒபாமா காலத்தில் அதிகமாயின என்பதுதான் உண்மை. வெளிநாட்டு மக்கள் முகத்தைப் பார்த்து மயங்கிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நாடுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இந்தோனேசியாவின் கதை தனி. இராக் போர் நடந்த 2003இல் அங்கே அமெரிக்காவுக்கு நல்லெண்ணம் 15 சதவீதம். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியது. அமெரிக்கா அனுப்பிய நிவாரணத்துக்குப் பிறகு, 2005இல் அது 38 சதவீதமானது. அதிபர் அதே புஷ்தான். பிறகு 2009இல் 63க்குத் தாவியது. ஒபாமா சிறுவயதில் ஜகார்த்தாவில் வளர்ந்தவர், அங்கே அவரை ஏறக்குறைய உள்ளூர்ப் பிள்ளையாகவே பார்த்தார்கள். முதல் ஏற்றம் செயலால் வந்தது, இரண்டாவது ஏற்றம் ஆளால் வந்தது. இரண்டையும் "இமேஜ் உயர்ந்தது" என்றே எழுதினால் வாசகருக்கு என்ன விளங்கும்?

தலைவர் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே பக்கம் வேலை செய்வதும் இல்லை. 2017இல் பியூ ஆய்வு செய்த 37 நாடுகளில் ஒபாமாவைவிட டிரம்புக்கு அதிக நம்பிக்கை கொடுத்தவை இரண்டு, ரஷ்யாவும் இஸ்ரேலும். ரஷ்யாவில் அது 11இலிருந்து 53 ஆனது. எல்லைச் சுவருக்கு மெக்சிகோ பணம் தரும் என்ற பேச்சைக் கேட்ட மெக்சிகோவிலோ டிரம்ப் மீது நம்பிக்கை 5 சதவீதம்.

தலைவர் மாறாமலே நாட்டின் மதிப்பு சரிவதும் உண்டு. சீனாவில் 2012 முதல் ஷி ஜின்பிங்கே தலைவர். 2020இல் கொரோனா பரவியபோது ஆஸ்திரேலியாவில் சீனாவைப் பற்றிக் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் 81 சதவீதமாக, ஜப்பானில் 86 சதவீதமாக இருந்தார்கள். இதற்கு நேர் எதிர் சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ். 1989இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது, 1990இல் அமைதி நோபல் கிடைத்தது. 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில் சொந்த மக்கள் கொடுத்த வாக்கு சுமார் அரை சதவீதம். வெளியே விளையும் புகழை ஊரில் அறுவடை செய்ய முடியாது போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டு முள் ஏறும்போது சில இடங்களில் பழைய உயரத்துக்கே திரும்புவதில்லை. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவுக்கு 78 சதவீத நல்லெண்ணம் இருந்தது. ஒபாமா மீட்டது 64 வரை, பைடன் வந்த ஆண்டில் மீட்டது 59 வரை. 2021இல் பைடனைப் பெருவாரியாக நம்பிய பல நாடுகளிலேயே, அமெரிக்க ஜனநாயகம் முன்பு நல்ல முன்மாதிரி, அண்மைக் காலமாக அப்படி இல்லை என்பதே பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது. தேர்தல் முடிவு நாளைக்கே மாறலாம் என்பதைப் பார்த்துவிட்டவர்கள், நல்லவர் வந்தாலும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டே நம்புகிறார்கள்.

இனி தமிழ்ச் சொல்.

பிம்பம் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. வடசொல் என்பது அதற்குக் காரணம் இல்லை. சமஸ்கிருதத்தில் பிம்பம் என்றால் சூரிய, சந்திர வட்டம். கண்ணாடி முன் நிற்கும் மூலப்பொருளுக்கும் அதே பெயர். உள்ளே தெரிவது பிரதிபிம்பம். தமிழில் மூலத்தின் பெயர் நிழலுக்குப் போய்விட்டது. அது பழகிவிட்டது, விட்டுவிடலாம். தயக்கம் வேறு இடத்தில். பிம்பம் என்றாலே யாரோ கட்டியெழுப்பியது, உடையக்கூடியது என்ற நெடி இப்போது சேர்ந்துவிட்டது. "பிம்ப அரசியல்" என்கிறோம், "பிம்பம் உடைந்தது" என்கிறோம். விளம்பர நிறுவனங்களை வைத்து ஒரு அரசு தன்னைப் பற்றிக் காட்டும் தோற்றத்துக்கு இது கச்சிதம். இரண்டு தலைமுறையாக மக்கள் மனத்தில் ஊறிய எண்ணத்துக்கு இது பொருந்தாது.

படிமம் நல்ல சொல், பழைய சொல். பழந்தமிழில் படிமக்கலம் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஆனால் புதுக்கவிதை விமர்சனம் அதை எடுத்துக்கொண்டது, மீதியைக் கணித்தமிழ் படக்கோப்புக்கு எடுத்துக்கொண்டது. "நாட்டின் படிமம்" என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் கவிதையைத் தேடுவார்.

நாட்டைப் பற்றிய கேள்விக்கு நான் எடுப்பது நன்மதிப்பு. மதித்தல் என்பதில் அளவிடுதலும் உண்டு, போற்றுதலும் உண்டு. ஆய்வு செய்வதும் அதைத்தான், போற்றுகிறார்களா என்று அளக்கிறது. கூடியது, குறைந்தது என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லவும் வசதி. தலைவரைப் பற்றிய கேள்விக்கு நம்பிக்கை என்ற எளிய சொல் போதும், ஆய்விலும் அப்படித்தான் கேட்கிறார்கள். 1960களின் பிரஸ்டீஜுக்குச் செல்வாக்கு. சொன்ன வாக்கு செல்லுபடியாவது என்ற பொருளை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பேச்சு வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் முன்பே இருந்த சொல் பெயர். நல்ல பெயர் எடுப்பது, கெட்ட பெயர் வாங்குவது, பெயரைக் கெடுத்துக்கொள்வது. எடுப்பது, வாங்குவது என்ற வினைகளைக் கவனியுங்கள். அடுத்தவர் தந்தால்தான் கிடைக்கும் என்பது அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒரே ஒரு இடைஞ்சல், "நாட்டின் பெயர்" என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் வரைபடத்தில் அச்சிட்ட பெயர் என்று ஆகிவிடும். அதனால் தலைப்பில் "அமெரிக்காவின் நன்மதிப்பு சரிந்தது" என்று போடலாம், செய்திக்குள் "அந்தப் போரால் அமெரிக்கா கெட்ட பெயர் வாங்கியது" என்று எழுதலாம். சரிந்தது அதிபர் மீதான நம்பிக்கை மட்டும்தான் என்றால், அதிபரின் பெயரைப் போட்டே எழுதிவிடுவது நல்லது.