ஜெயித்த டீம் மேலதான் கட்டினான், அப்புறம் எப்படிப் பணம் போச்சு?

போன வருஷம் ஐப்பசி மழை நேரத்தில் ஒரு அப்பாவும் மகனும் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் ஆலோசனை அறைக்கு வந்தார்கள். அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மகனுக்கு 27 வயது, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். (இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. அப்பாதான் பேசினார்.

"இன்னாம்மா இது, எனக்கு ஒண்ணுமே புரியல. இவன் கட்டின டீமு ஜெயிச்சுக்கீது. நானே டிவில பார்த்தேன். அப்புறம் எப்படிம்மா துட்டு போச்சு? எவனாச்சும் ஏமாத்திட்டானா?"

பதினொரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முன்பெல்லாம் சூதாட்டம் என்று வருகிறவர்கள் சீட்டுக்கட்டு, மூணு நம்பர் லாட்டரி என்றுதான் வருவார்கள், இப்போது எல்லாமே போனுக்குள் இருக்கிறது. ஜெயித்தால் பணம், தோற்றால் போச்சு என்கிற பழைய கணக்கை மட்டும் தெரிந்த வீட்டுப் பெரியவர்களுக்கு, பிள்ளை எதில் மாட்டியிருக்கிறான் என்றே பிடிபடுவதில்லை. அந்தப் பெரியவரின் கேள்விக்கு அன்று கால் மணி நேரம் செலவழித்துப் பதில் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவர் மகன் ஆடியது ஹேண்டிகேப் பந்தயம். பெயர்தான் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. கேரம் போர்டில் நன்றாக ஆடுகிற அண்ணன் சின்னப் பையனிடம் "உனக்குப் பத்து பாயின்ட் விட்டுக்கொடுக்கிறேன், வா" என்று சொல்வார் இல்லையா, அதேதான். கிண்டி குதிரைப் பந்தயத்துக்கு ரயிலேறிப் போய் வந்த தாத்தாக்களுக்கு இந்த வார்த்தையே தெரிந்திருக்கும். பலமான குதிரை மேல் கூடுதல் எடை ஏற்றி எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு வாய்ப்பு வரும்படி செய்வதற்கு அங்கே அதுதான் பெயர்.

பந்தயக்காரன், அதாவது பந்தயத்தை நடத்துகிறவன், அந்த எடையைக் களத்தில் ஏற்றுவதில்லை, ஸ்கோரில் ஏற்றுகிறான். கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பலமான அணிக்கு மைனஸ் 4.5 என்று போடுவான், எதிர் அணிக்கு பிளஸ் 4.5. ஆட்டம் 36-32 என்று முடிந்தால் களத்தில் ஜெயித்தது பலமான அணிதான், கோப்பையும் அவர்களுக்குத்தான். ஆனால் பந்தயக் கணக்கில் 36-இல் நாலரை போனால் முப்பத்தொன்றரை, அது 32-ஐ விடக் குறைவு, ஆகவே ஜெயித்த அணி மேல் கட்டினவன் தோற்றான். யாரும் ஏமாற்றவில்லை. அவன் கட்டியது அணி மேலேயே இல்லை, இடைவெளி மேல்.

கபடி பார்க்கிறவர்களுக்கு அடுத்த விஷயம் சட்டென்று புரியும். கடைசி இரண்டு நிமிஷத்தில் ஆறு பாயின்ட் முன்னால் இருக்கிற அணி என்ன செய்யும்? ரெய்டுக்குப் போய் யாரையும் தொடாமல் நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பும், எதிராளிக்கு ஒன்றிரண்டு பாயின்ட் போனால் போகட்டும் என்று விட்டுவிடும். அவர்களுக்கு ஆறில் ஜெயித்தாலும் ஒன்றில் ஜெயித்தாலும் வெற்றிதான், கட்டினவனுக்கோ அந்த இரண்டு பாயின்ட்டில்தான் மாதச் சம்பளம் கிடக்கிறது. கால்பந்திலும் இப்படித்தான், இரண்டு கோல் முன்னால் இருக்கும்போது பயிற்சியாளர் முக்கிய ஆட்டக்காரரை வெளியே எடுத்து அடுத்த மேட்சுக்கு ஓய்வு கொடுப்பார். அந்த அணி இங்கே யாரோ ஒருவனின் மைனஸ் ஒன்றரைக்காக ஆடவில்லை.

தம்பி ஒரு நீள நோட்டு கொண்டுவந்திருந்தான். கோடு போட்ட நோட்டு, அட்டையில் கம்பெனி ஷிஃப்ட் கணக்கு, உள்ளே நீல பேனாவில் மேட்ச் கணக்கு. தேதி, அணி, மைனஸ் அல்லது பிளஸ், கட்டின தொகை. கடைசிக் கட்டத்தில் லாபமோ நஷ்டமோ எழுதியிருப்பான் என்று பார்த்தால், பல இடத்தில் வேறு எழுதியிருந்தது. "ஒரு கோல்ல போச்சு." "அரைல போச்சு." "90வது நிமிஷம்." ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது தடவை "ஜஸ்ட்ல போச்சு" என்று இருந்தது, எண்ணிப் பார்த்தேன். ஏன் தம்பி தொகையை எழுதாமல் இதை எழுதினே என்று கேட்டதற்கு, "அது தோத்த மாதிரியே தெரியல மேடம், கிட்ட வந்துட்டோம்னு தோணுச்சு" என்றான்.

நான் மிக முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். அந்த மைனஸ் எண்ணைப் பந்தயக்காரன் எங்கே வைப்பான்? ரிசல்ட் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம் என்கிற இடத்தில் வைப்பான், அதற்காகவே ஆட்களும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறான். எந்த அணி பலமானது, யாருக்குக் காயம், எந்த மைதானம் என்று உங்கள் பிள்ளை ராத்திரி முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்ட அத்தனையும் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது பூவா தலையா. இந்தக் கோடு, அதாவது அந்த மைனஸ் எண், எப்போதும் ரிசல்ட்டுக்குப் பக்கத்திலேயே போடப்படுவதால், தோல்விகளில் பல "கொஞ்சத்துல போச்சு" என்றே அமையும். நூலிழையில் தவறிய தோல்வி, திரும்ப ஆடத் தூண்டுவதில் கிட்டத்தட்ட வெற்றியைப் போலவே மூளையில் வேலை செய்கிறது என்று சூதாட்ட ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பெரிய வித்தியாசத்தில் தோற்றவன் சீ என்று எழுந்து போவான், அரை கோலில் தோற்றவன் போவதில்லை.

கால்பந்தில் ஏசியன் ஹேண்டிகேப் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் கால் கணக்கும் உண்டு. மைனஸ் 0.25 என்று ஆயிரம் ரூபாய் கட்டினால் அது இரண்டாகப் பிரிந்து ஐநூறு பூஜ்யத்தின் மேலும் ஐநூறு மைனஸ் அரையின் மேலும் போகும். ஆட்டம் டிரா ஆனால் மைனஸ் அரை மேல் கட்டின ஐநூறு போய்விடும், பூஜ்யத்தின் மேல் கட்டின ஐநூறு திரும்ப வரும். தம்பி அதை நோட்டில் "500 வந்துச்சு" என்று எழுதியிருந்தான். ஐநூறு நஷ்டம், மனசில் வரவு!

சரி, பூவா தலையா என்றால் பாதிக்குப் பாதி ஜெயித்துச் சமமாகவாவது இருக்கலாமே என்று கேட்பார்கள். இருக்க முடியாது, காரணம் விலையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் 1.90 என்று போட்டிருப்பான். ஆயிரம் கட்டி ஜெயித்தால் கையில் வருவது 1,900, அதாவது லாபம் 900. தோற்றால் போவது முழு ஆயிரம். பத்து தடவை கட்டி ஐந்து ஜெயித்து ஐந்து தோற்றால் 4,500 வந்து 5,000 போயிருக்கும். எந்தத் தப்பும் செய்யாமலே 500 ரூபாய் போச்சு. சமமாக நிற்கவே நூற்றுக்கு 53 தடவை ஜெயிக்க வேண்டும். பூவா தலையாவில் அதை வருஷக்கணக்கில் செய்து காட்டினவர் ஒருவரைக்கூட என் அறையில் நான் பார்த்ததில்லை.

கிரிக்கெட்டில் ஹேண்டிகேப் என்ற பெயரில் அதிகம் கேட்க மாட்டீர்கள். சேஸ் பண்ணுகிற அணி ஜெயித்த ரன்னோடு ஆட்டம் முடிந்துவிடுவதால் ரன் இடைவெளி அங்கே சரிப்படாது. அதற்குப் பதில் செஷன் என்பார்கள், ஆறு ஓவரில் 48 ரன் வருமா வராதா என்று. கோடு போடுகிற வித்தை அதேதான்.

அடுத்து டபுள் போடுவது. தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று ஆறு தடவை தொடர்ந்து போனால் மொத்தம் 31,500. ஏழாவதாக 32,000 கட்டி ஜெயித்தாலும் 1.90 கணக்கில் லாபம் 28,800தான், அப்போதும் 2,700 ரூபாய் பள்ளம். இந்தக் கணக்கை நானும் தம்பியும் அவன் நோட்டின் பின் அட்டையில் போட்டோம். போட்டு முடித்ததும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தினம் நாலு மேட்ச் கட்டுகிறவனுக்கு ஆறு தொடர் தோல்வி நாலைந்து மாதத்தில் வராமல் இருந்தால்தான் அதிசயம். அந்த ஏழாவது தடவைக்கான பணம்தான் அவன் அம்மாவின் மகளிர் குழுக் கடனிலிருந்து வந்தது.

டெலிகிராமில் "உறுதியான டிப்ஸ்" கொடுக்கிற குரூப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 800 பேருக்கு மெசேஜ் அனுப்புகிறான் என்று வையுங்கள். 400 பேருக்கு மைனஸ் பக்கம் என்பான், மீதி 400 பேருக்கு பிளஸ் பக்கம். ஜெயித்த 400 பேரை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த மேட்சுக்கு 200, 200. அப்புறம் 100, அப்புறம் 50. நாலு மேட்ச் முடிவில் அந்த ஐம்பது பேருக்கு அவன் தெய்வம், கேட்கிற சந்தாவைக் கட்டுவார்கள்.

பணம் போய்ச் சேருகிற வழி இன்னும் ஆபத்து. வெளிநாட்டு சைட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஐடி கொடுப்பவன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொல்வான். அதில் சில, மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடப்பட்ட மாணவர்களின் கணக்குகள். கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது, காட்பாடியிலும் பாகாயத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை ஒரு தடவை போனில் கேட்டுவிடுங்கள். அந்தக் கணக்கில் சைபர் மோசடிப் பணம் கலந்திருந்தால் போலீஸ் வந்து நிற்பது பிள்ளையிடம்தான், கணக்கும் முடங்கும். அப்படி மாட்டிக்கொண்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது, அதன்படி ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது, நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இருந்தும் ஐடி கிடைக்கிறது, என் அறைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். திட்டி, அடித்து, சத்தியம் வாங்கினால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சூதாட்டத்தை அடிமைப் பழக்க நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது, குடியை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பாருங்கள். கடனை முழுசாக அடைத்துவிட்டு "இனிமே பண்ணாதே" என்று விட்டால், நான் பார்த்த வரை பெரும்பாலும் அதுதான் அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிறது. சம்பளக் கணக்கும் ஏடிஎம் கார்டும் யுபிஐ பின்னும் கொஞ்ச காலத்துக்கு வேறொருவர் கையில் இருக்கட்டும், அதற்கு அவனே சம்மதித்துக் கொடுக்கும்படி பேசுங்கள். கடன் பட்டியலை மொத்தமாக எழுதச் சொல்லுங்கள், முதல் தடவை எழுதுவது முழுப் பட்டியலாக இருக்காது, பொறுமையாக இரண்டாம் தடவையும் கேளுங்கள். லோன் ஆப், மீட்டர் வட்டி எல்லாம் பின்னால்தான் வெளியே வரும்.

"நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், அன்றைக்கே, அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாமல், அவனைத் தனியாக விடாமல் அழைத்துப் போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அந்தத் தம்பி இப்போது மாதம் ஒரு தடவை வருகிறான். கார்டு அப்பாவிடம் இருக்கிறது, குழுக் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. போன முறை வந்தபோது, ஊரில் திருவிழாவுக்கு நடந்த கபடி மேட்சுக்கு அப்பாவோடு போயிருந்ததாகச் சொன்னான். நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு மேடம். ஆனா முடிஞ்சதும் எல்லாரும் கை தட்றாங்க, நான் மட்டும் ஸ்கோர் போர்டப் பார்த்து நாலரையைக் கழிச்சுக்கினு நிக்கிறேன். அப்பாதான் தோளத் தட்டி, வாடா போலாம்னாரு."